தமிழ்ப் பெயர்: இப்போது எது அதிகம் வைக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாலாற்றங்கரை:

பெண் குழந்தை. சுவாதி 2ஆம் பாதம், துலாம் ராசி. பஞ்சாங்கப்படி ரு, ரே, ரோ, த என்று நான்கு எழுத்து சொல்கிறார்கள். எங்களுக்குத் தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும், எல்.கே.ஜி. வகுப்பில் அதே பெயரில் இன்னும் மூன்று பேர் இருக்கவும் கூடாது.

தமிழ்நாட்டில் எந்தப் பெயர் அதிகம் வைக்கப்படுகிறது என்று அரசுப் பட்டியல் உண்டா? கூகுளில் வரும் "டாப் 100" வகையறாவை நம்பலாமா? ஒரு பெயர் திடீரென்று தெருவெல்லாம் பரவுவதற்கு சினிமா மட்டும்தான் காரணமா? ஆஸ்பத்திரியில் பெயர் போடாமலே பிறப்பைப் பதிந்துவிட்டார்கள். எத்தனை நாளுக்குள் சேர்க்கணும்?

---

கணக்குப்பிள்ளை:

பட்டியல் கிடையாது. பிறப்பு எல்லாம் பதிவாகிறது, ஆனால் பெயர்வாரியாக எண்ணி வருடாவருடம் வெளியிடும் வழக்கம் இங்கே இல்லை.

"டாப் 100" தளங்கள் குழந்தைகளை எண்ணுவதில்லை. எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும், அதுவும் சரியாக எண்ணினால். ஒரு தளத்தைப் பார்த்து இன்னொன்று எழுதுவதால் ஒரே பிழை பத்து இடத்தில் இருக்கும். பொருள் என்று போட்டிருப்பது அதைவிட மோசம்: எந்த ஒலிக்கும் "ஒளி", "இறைவனின் அருள்", "வெற்றி" மூன்றில் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. பிடித்த பெயரை அதில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வேர்ச்சொல்கூட அகப்படவில்லை என்றால் அது யாரோ கோத்த ஒலி.

வாக்காளர் பட்டியலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் 18 வயதுக்கு மேற்பட்டோர்தான், ஆகவே இன்றைய நிலவரம் தெரியாது. ஆனால் பெயர்கள் எப்படி நகர்ந்தன என்று பார்க்க அதைவிட நல்ல ஆவணம் இல்லை. உங்கள் வாக்குச்சாவடிப் பாகத்துப் பட்டியலை இறக்கி, பெண்களை வயதுவாரியாகப் பிரியுங்கள். மேலே கோவிந்தம்மாள், ராஜம்மாள்; கொஞ்சம் கீழே சாந்தி, மல்லிகா, விஜயா; பிறகு கவிதா, சுமதி; அதற்கும் கீழே திவ்யா, பிரியா, ஐஸ்வர்யா. "அம்மாள்" என்ற ஒட்டு ஒரு வயதுக்குக் கீழே அப்படியே நின்றுபோயிருக்கும்.

இப்போதைய பெயர்களுக்கு மூன்று இடம்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசிக்குப் பெயர் கூப்பிடும்போது, காதணி விழா பிளக்ஸ் பேனர்களில், மழலையர் பள்ளி ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலில். நூறு பெயர் சேர்ந்ததும் முழுப் பெயராக எண்ணாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். ஒரே பெயர் ஓரிரு முறைதான் வந்திருக்கும், "அப்பாடா, எதுவும் அதிகமில்லை" என்று தோன்றும். அதே நூறைக் கடைசி அசைப்படி அடுக்குங்கள். ஆண் பிள்ளைகளில் "-ஷ்", "-த்", பெண்களில் "-ஷா", "-இகா", "-இனி" என்று கொத்துக் கொத்தாக விழும். யாழினி, ஆதினி, மகிழினி, தமிழினி எல்லாம் தனித்தனிப் பெயர்தான்; ஆனால் ஆசிரியை வகுப்பில் கூப்பிடும்போது நான்கு பேர் திரும்புவார்கள். நீங்கள் பயப்படும் விஷயம் அதுதானே.

---

சொல்வேட்டை:

சினிமா ஒரு காரணம், ஆனால் அதன் ஆயுள் குறைவு. 1980-களின் நடுவில் நடிகை நதியா வந்ததும் வளையலுக்கும் கம்மலுக்கும் மட்டுமல்ல, குழந்தைகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. அப்படி வந்த பெயர் அந்தத் தலைமுறையின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அரசியலின் பிடி அதைவிட ஆழம். மறைமலை அடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். கட்சிக் கூட்டத்திலும் திருமண மேடையிலும் தலைவர் கையில் குழந்தையைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்லும் பழக்கம் தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி என்று ஒரு வரிசையையே கிராமம் வரை கொண்டுபோனது. மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. பெயர் வந்த வழி அது.

சில பெயர்கள் மறைந்ததற்குக் காரணம் நாகரிகம் அல்ல, மருத்துவம். முதல் இரண்டு குழந்தைகள் தங்காத வீட்டில் மூன்றாவதுக்குக் குப்பன், பிச்சை என்று வைத்தால் எமன் கண் படாது என்ற நம்பிக்கை இருந்தது. சிசு மரணம் குறையக் குறைய அந்தப் பெயர்களுக்கு வேலை இல்லாமல் போனது. போதும்பொண்ணு என்ற பெயர் அருகியதும் நல்லதே.

ஆனால் இன்று தமிழ்ப் பெயரை அதிகம் தடுப்பது நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த நான்கு எழுத்துதான். இதை யாரும் பேசுவதில்லை. நட்சத்திர எழுத்து அட்டவணை வடமொழி ஒலிகளுக்காக அமைந்தது. தமிழ் இலக்கணப்படி ட, ண, ர, ல போன்றவை சொல்லுக்கு முதலில் வராது. இனி அட்டவணையைப் பாருங்கள். பரணி: லி, லு, லே, லோ. பூசம்: ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யம்: டி, டு, டே, டோ. இந்த மூன்று நட்சத்திரத்தில் பிறந்தால் இலக்கணப்படி ஒரு தமிழ்ப் பெயர்கூட வைக்க முடியாது. அஸ்தத்துக்கு பூ, ஷ, ண, ட. அதில் பூ மட்டும் தேறும். "ண" வில் பெயர் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் கதை சொல்வார்கள். உங்கள் சுவாதியில் "த" ஒன்றுதான் தேறுகிறது. இராமன், உரோகிணி என்று முன்னால் உயிரெழுத்தைச் சேர்க்கும் பழைய உபாயமும் உதவாது. எழுத்து மாறிவிட்டது என்று ஜோசியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரோஷினி, லக்‌ஷிதா, ஹேமந்த் என்று வரிசையாக வருவதற்குப் பெற்றோரின் வடமொழி மோகம் பாதிதான் காரணம். மீதிப் பாதி இந்த அட்டவணை.

---

திண்ணைப்பேச்சு:

சினிமாவை இவ்வளவு லேசாகத் தள்ள வேண்டாம் சகோ. படப் பெயர் நேராக வருவதில்லை, அதன் ஓசை வருகிறது. கதாநாயகன் பெயர் இரண்டு அசையில் முடிந்தால் அடுத்த வருடம் இரண்டு அசைப் பெயர்களாகத் தேடுகிறார்கள். நதியாவைப் பார்த்து எத்தனை பேர் நதியா வைத்தார்கள் என்று மட்டும் எண்ணினால் இது கணக்கில் வராது.

---

கணக்குப்பிள்ளை:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதை நிரூபிக்க வருடவாரிக் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் அது இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு உரைக்கோப்பு தருகிறது. ஒரு வரியில் பெயர், பாலினம், எண்ணிக்கை. ஒரு வருடத்தில் ஐந்து குழந்தைகளுக்காவது வைக்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பெயர் கோப்பில் வரும். 1947-இல் லிண்டா என்ற பெயர் மேரியை முந்தியது. அந்த வருடம் பிறந்த பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் லிண்டா. இன்று அங்கே முதலிடத்தில் உள்ள பெண் பெயர் நூற்றுக்கு ஒருவரைக்கூட எட்டுவதில்லை. ஆகவே "முதலிடம்" என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, விழுக்காட்டைப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் அந்தக் கோப்பைப் பயன்படுத்தலாம், இரண்டு எச்சரிக்கையோடு. எழுத்துக்கூட்டல் மாறினால் அது தனிப் பெயராக எண்ணப்படும், நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் நிலா, மாயா போன்றவை பிற மொழியினரும் வைக்கும் பெயர்கள். எண்ணிக்கை ஏறினால் எல்லாம் தமிழ்க் குழந்தைகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

---

கூட்டுத்தொகை:

எழுத்துக்கூட்டல் என்றதும் எண்கணிதத்தையும் (நியூமராலஜி) சொல்லிவிட வேண்டும், பெரியவர்கள் அடுத்து அங்கேதான் வருவார்கள். இங்கே பெரும்பாலும் சால்டியன் முறை, ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு எண்: ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் = 1; பி (B), கே, ஆர் = 2; சி, ஜி, எல், எஸ் = 3; டி (D), எம், டீ (T) = 4; இ, ஹெச், என், எக்ஸ் = 5; யு, வி, டபிள்யூ = 6; ஓ, இசட் = 7; எஃப், பீ (P) = 8. ஒன்பதுக்கு எழுத்தே இல்லை.

தர்ஷினி என்பதை ஆங்கிலத்தில் எட்டு எழுத்தில் எழுதினால் 22, கூட்டினால் 4. நான்கும் எட்டும் ஆகாது என்பார்கள். உடனே "டி"க்குப் பக்கத்தில் ஒரு "ஹெச்" வரும், 5 கூடி 27, அதாவது 9. நம் ஊர்ப் பெயர்களில் தேவையில்லாத "ஹெச்"சும் இரட்டை "ஏ"வும் இவ்வளவு வருவது இதனால்தான். "ஹெச்" ஐந்து ஏற்றும், "ஏ" ஒன்று ஏற்றும், உச்சரிப்பு மாறாது. இன்ஷியலையும் சேர்த்துக் கூட்ட வேண்டுமா என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தபின் கணக்கு மாறும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பெயரை மாற்றச் சொல்வதைவிட ஒரு எழுத்தைச் சேர்த்து வீட்டில் சமாதானம் வந்தால் அது மலிவு. முதல் ஆவணத்துக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

---

பதிவேடு:

கடைசிக் கேள்விக்கு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அது ஆஸ்பத்திரி செய்துவிட்டது. பெயர் சேர்க்கப் பதிவு தேதியிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். விண்ணப்பம் பிறப்பைப் பதிந்த அலுவலகத்துக்கே போக வேண்டும். பிரசவம் அம்மா வீட்டு ஊரில் என்றால் அந்த ஊர் அலுவலகம், நீங்கள் குடியிருக்கும் ஊர் அல்ல. பலர் வீணாக அலைவது இங்கேதான்.

12 மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்றவற்றுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஒருமுறை ஏறிய பெயரில் எழுத்துப்பிழை திருத்தலாம். வேறு பெயர் வைக்க முடியாது. பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் என்று தனி வழி.

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். வாயால் சொன்னால் "ழ" எப்படி ஏறும் என்று சொல்ல முடியாது. இங்கே "இசட்-ஹெச்", இலங்கைத் தமிழர் பலர் "எல்" என்றே எழுதுவார்கள். எதுவானாலும் சான்றிதழ், ஆதார், பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரம்) பதிவு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இன்ஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

---

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. "த" தேறும் என்றாலும் அது 4ஆம் பாதம் என்கிறார்கள். எங்களுக்கு 2ஆம் பாதம், "ரே". வேறு வழி?

---

சொல்வேட்டை:

ஒரு பாதம் என்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம். அவ்வளவு கறாராகப் பார்ப்பவர்கள் குறைவு. பார்க்கிறார்கள் என்றால் ராசி எழுத்தைக் கேளுங்கள். துலாமில் சித்திரை 3, 4, சுவாதி முழுவதும், விசாகம் 1, 2, 3 அடங்கும். எழுத்துகள் ர, ரி, ரு, ரே, ரோ, த, தி, து, தே. குறில் நெடில் வித்தியாசம் பார்ப்பதில்லை. இப்போது தேன்மொழி, தென்றல், துளிர், திகழ்மதி, தண்மதி, தாமரை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. தமிழினி வேண்டாம், மேலே கணக்குப்பிள்ளை சொன்ன "-இனி" கொத்தில் அதுவும் ஒன்று.

---

கூட்டுத்தொகை:

தாமரையை ஆங்கிலத்தில் வழக்கமான எட்டு எழுத்தில், முதலில் "டீ-ஹெச்" போட்டு எழுதினால் 19, அதாவது 1. எண் பார்ப்பவர்கள் 19-ஐ நல்ல எண் என்பார்கள். எழுத்து எதையும் சேர்க்க வேண்டாம். தேன்மொழி 43, அதாவது 7. அதற்கு முகம் சுளிப்பார்கள், இன்னொரு "இ" கேட்பார்கள்.