பட்டி ஹோலி மேலே வந்த வழி: கேட்டவர்கள், வாசித்தவர்கள், பதிந்தவர்கள் பகிரும் குறிப்புகள்

இசைத்தட்டு சேகரிப்பவர்:
அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹோலி பற்றிப் பேச்செடுத்தால், அவர் இறந்த 1959 பிப்ரவரி 3 விமான விபத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்பது, எப்படி வாசிப்பது என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.

பின்னணி சுருக்கமாக. 1936 செப்டம்பர் 7 அன்று டெக்சஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் பிறந்தார். சுற்றிலும் பருத்திக் காடு. வீட்டில் நான்கு பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. சார்லஸ் ஹார்டின் என்று பெயர் வைத்தார்கள், கூப்பிட்டது பட்டி என்று. 11 வயதில் பியானோ, பிறகு கொஞ்சம் ஸ்டீல் கிதார், அதன்பின் அண்ணன் டிராவிஸ் சொல்லிக்கொடுத்த சாதாரணக் கிதார். பள்ளித் தோழர் பாப் மாண்ட்கமரியோடு சேர்ந்து உள்ளூர் கேடிஏவி வானொலியில் ஞாயிறுதோறும் பாடினார். அப்போது பாடியது கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி. இரவில் காரில் உட்கார்ந்து ஷ்ரீவ்போர்ட் வானொலியில் கேட்டது கறுப்பர்களின் ரிதம் அண்ட் புளூஸ். 1955-ல் எல்விஸ் பிரெஸ்லி லப்பக்குக்கு வந்தபோது அதே மேடையில் இவர்கள் முன்னால் பாடினார்கள். அதன் பிறகு கன்ட்ரி பின்னுக்குப் போய்விட்டது.

கிதார் வாசிப்பவர்:
அதே 1955-ல் அண்ணன் லேரியிடம் கடன் வாங்கி ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். சந்தைக்கு வந்து ஓராண்டு ஆன கிதார் அது. அதில் கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் மூன்று, எது ஒலிக்க வேண்டும் என்று மாற்ற மூன்று நிலை சுவிட்ச். கழுத்துப் பக்கம் வைத்தால் உருண்ட ஒலி, பாலத்துப் பக்கம் தள்ளினால் கூர்மையான ஒலி.

ஹோலியின் ‘பெகி சூ’ பாட்டை வாசிக்கப் பார்ப்பவர்களுக்கு: ஏ, டி, ஈ ஆகிய கார்டுகள்தான். நடுவில் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில் திடீரென்று ஒரு எஃப் வரும், அதுதான் காதைத் திருப்பும் இடம். கார்டு சுலபம், வலது கைதான் கஷ்டம். முழுக்கக் கீழ்நோக்கிய அடி. மேலும் கீழுமாக அடித்தால் வேகம் எளிதில் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழாது. பாட்டு ஆட ஆரம்பித்துவிடும். கம்பியை மீட்டும் பிக் என்ற சில்லின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி பிடியுங்கள். மணிக்கட்டிலிருந்து சின்ன அசைவாக அடியுங்கள், முழங்கையை ஆட்டினால் ஒரு நிமிடத்தில் கை பிடித்துக்கொள்ளும். பாதி வேகத்தில் ஒரு வாரம் வாசித்த பிறகு வேகத்தை ஏற்றுங்கள்.

இன்னொன்று. இந்தப் பாட்டின் தனி வாசிப்பும் ஒற்றைக் கம்பி ஓட்டம் அல்ல, அதுவும் கார்டு அடிதான். சுவிட்ச் மாறியதால் மட்டுமே அது தனியாகத் தெரிகிறது. அந்த வேகத்தில் கையை எடுத்துச் சுவிட்சைத் தள்ள ஹோலிக்கு நேரமில்லை. கூட வாசித்த நிக்கி சலிவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து சரியான நொடியில் தள்ளிவிட்டார். அந்தப் பாட்டில் அவருடைய வேலை அதுதான். வீட்டில் பதிபவர்கள் இரண்டு தடத்தில் தனித்தனியாக வாசித்து ஒட்டலாம், ஆனால் ஒட்டிய இடம் தெரியும். பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள்.

புதிதாகப் படிப்பவர்:
‘தட்ல் பி த டே’ இசைத்தட்டு ஏ ஸ்வரத்தில் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் கிதார் இறங்கிவரும் அந்த ஓட்டத்தை ஏ வடிவத்தில் வாசித்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறதே?

கிதார் வாசிப்பவர்:
5-ஆம் பிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி ஈ வடிவத்தில் வாசியுங்கள், கை தானாக அமரும். அந்தக் காலக் கம்பி தடிமன். மூன்றாவது கம்பிகூடச் சுற்றுக்கம்பியாக இருக்கும். மெல்லிய கம்பி போட்டு வாசித்தால் ஸ்வரம் வளைந்து நெளியும். மெல்லிய கம்பியே குறைந்தது 11 (0.011 அங்குலம்) தடிமனாக உள்ள கம்பிக்கட்டு போடுங்கள்.

ஒலிப்பதிவாளர்:
அந்தப் பாட்டு இரண்டு முறை பதிவானது. அவர் எழுந்த கதை முழுக்க அந்த இரண்டு பதிவுக்கும் நடுவில் இருக்கிறது.

1956-ல் டெக்கா கம்பெனி நாஷ்வில்லில் ஓவன் பிராட்லியிடம் பதிவுக்கு அனுப்பியது. ஒப்பந்தத்தாளில் குடும்பப் பெயரின் ஒரு எழுத்து விடுபட்டது, நாம் இன்று எழுதும் பெயர் அப்படி வந்ததுதான். நாஷ்வில்லில் ஒரு அமர்வு என்பது மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டை முடித்தாக வேண்டும். முதல் அமர்வில் அவரைக் கிதார் தொடவிடவில்லை, பாட மட்டும் சொன்னார்கள். ‘தட்ல் பி த டே’ பாட்டை அங்கே கழுத்து நரம்பு புடைக்கும் உயரத்தில் பாடவைத்தார்கள். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், தவறு உடனே பிடிபடும். அப்போது டெக்கா வெளியிட்ட இரண்டு தட்டும் விற்கவில்லை. 1957 ஜனவரியில் டெக்கா கைவிட்டது.

அடுத்த மாதமே லப்பக்கிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி, நியூ மெக்சிகோவின் குளோவிஸ் ஊரில் நார்மன் பெட்டி என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஹோலியும் குழுவும் போனார்கள். பெட்டி மணிக்கணக்கில் பணம் வாங்கவில்லை, பாட்டுக் கணக்கில் வாங்கினார். ஒரு பாட்டை இருபது முறை பாடினாலும் அதே காசு. இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பிப்ரவரி 25 அன்று ஸ்வரத்தை இறக்கி, கிதாரைத் தானே வாசித்து அதே பாட்டை மறுபடி பதிந்தார். மாதிரிப் பதிவாகத்தான் செய்தார்கள். அதுவே தட்டாக வந்து செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

தாளக்காரர்:
டிரம்ஸ் பக்கம் ஜெரி ஆலிசன். அப்போது பதினெட்டு வயதைத் தொடாத பையன்.

‘பெகி சூ’வில் அவர் வாசிப்பது பாராடிடில் என்ற அடிப்படைப் பயிற்சி: வலது, இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது. சிம்பலே கிடையாது. ஸ்நேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பியைத் தளர்த்திவிட்டால்தான் அந்த உருளும் ஒலி வரும், இறுக்கி வைத்தால் சலசலப்பு வந்து பாட்டைக் கெடுக்கும். இரட்டை அடியில் இரண்டாவது அடி மெலிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாரும் வழுக்கும் இடம் அதுதான்.

‘எவ்ரிடே’யில் டிரம்ஸே இல்லை. தொடையில் தட்டுகிறார். மேலே நார்மன் பெட்டியின் மனைவி வை (Vi) என்பவர், மணி போல ஒலிக்கும் செலஸ்டா என்ற கருவியை வாசிக்கிறார். ‘நாட் ஃபேட் அவே’யில் தட்டுவது அட்டைப்பெட்டியை. அதன் அடிப்படை, போ டிட்லி என்ற பாடகரின் பெயரால் வழங்கும் தாளம். நமக்குச் சொல்கட்டில் பிடிப்பது சுலபம்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மொத்தம் 16, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டுங்கள், அதாவது 1, 4, 7, 11, 13. ஹோலி இதைக் கொஞ்சம் மாற்றி இடைவெளி விட்டு வாசிக்கிறார். முதலில் இந்த அச்சு கையில் ஏறட்டும்.

ஒலிப்பதிவாளர்:
‘பெகி சூ’ டிரம்ஸில் வரும் அலையைப் பற்றித் தாளக்காரர் சொல்லவில்லை. ஆலிசனின் ஓசை மற்ற மைக்குகளில் புகுந்ததால் டிரம்ஸை வரவேற்பறைக்கு மாற்றினார்கள். பெட்டி அந்த ஓசையை எதிரொலி அறைக்கு அனுப்பி, தாளத்துக்கேற்பக் கையால் கூட்டிக் குறைத்தார். அந்த எதிரொலி அறை பக்கத்தில் அவருடைய அப்பாவின் கராஜுக்கு மேலே இருந்தது. அதற்குள் புகுந்த சில்வண்டு ஒன்றின் சத்தம் ‘ஐம் கானா லவ் யூ டூ’ பாட்டின் கடைசியில் பதிந்திருக்கிறது. குழுவின் பெயரும் கிரிக்கெட்ஸ், சில்வண்டுகள்!

வீட்டில் செய்ய: ஓடு பதித்த குளியலறையில் ஒரு ஸ்பீக்கர் வையுங்கள், சுவரைப் பார்த்தபடி. எதிர் மூலையில் மைக், அதுவும் சுவரைப் பார்த்தபடி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் நேரடி ஒலியே வந்து எதிரொலி அமுங்கிவிடும். டிரம்ஸை மட்டும் அனுப்புங்கள். குரலையும் சேர்த்து அனுப்பினால் சொல் எல்லாம் குழம்பும். திரும்பி வரும் ஒலியின் பொத்தானை விரலால் இயக்குங்கள்.

இசைத்தட்டு சேகரிப்பவர்:
கிரிக்கெட்ஸ் என்ற பெயருக்குச் சட்டக் காரணமும் உண்டு. டெக்காவில் பதிந்த பாட்டை ஐந்தாண்டுக்கு வேறெங்கும் பதியக் கூடாது என்பது ஒப்பந்தம். தட்டில் ஹோலி பெயர் வந்தால் மாட்டிக்கொள்வார்கள், அதனால் குழுப் பெயரில் வந்தது. வெளியிட்டது பிரன்ஸ்விக், அது டெக்காவின் கிளை என்பதால் பிறகு சமாதானமானது. அதன்பின் குழுப் பெயரில் பிரன்ஸ்விக், தனிப் பெயரில் கோரல் என்று இரண்டு வாய்க்காலில் பாட்டு வந்தது. ஒரே ஆள் இரண்டு வரிசையில் ஓடினார்.

தட்டின் லேபிளை உற்றுப் பாருங்கள். எழுதியவர் வரிசையில் பெட்டியின் பெயர் இருக்கும், பாட்டுக் கணக்கில் கூடம் கொடுத்ததற்கு வாங்கிய விலை அது. ‘நாட் ஃபேட் அவே’யில் உள்ள சார்லஸ் ஹார்டின் என்பவர் ஹோலியேதான். ‘பெகி சூ’வில் முதலில் ஹோலியின் பெயரே இல்லை. வருமானமும் பெட்டியின் கைவழியாகவே வந்தது. அந்தக் கூடத்தின் நன்மையைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். 1958 கடைசியில் இருவரும் பிரிந்தார்கள்.

1957 ஆகஸ்டில் நியூயார்க் அப்பல்லோ அரங்கு, செப்டம்பரில் ஃபேட்ஸ் டாமினோ, சக் பெரியோடு நாடு தழுவிய பயணம். தெற்கே சில ஊர்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடை ஏறச் சட்டம் தடுத்ததால் அந்த நாள்களில் வெள்ளைக் கலைஞர்கள் விலக நேர்ந்தது. பதிவுக்கு நேரமில்லை. ‘மேபி பேபி’யை அந்தப் பயணத்தின் நடுவில் ஓக்லஹோமா சிட்டியில் விமானப்படைத் தளத்து அதிகாரிகள் மன்றத்தில் பதிந்தார்கள், பெட்டி கருவிகளை அங்கேயே கொண்டுவந்தார்.

புதிதாகப் படிப்பவர்:
எந்த வரிசையில் கேட்டால் வித்தியாசம் பிடிபடும்?

இசைத்தட்டு சேகரிப்பவர்:
நாஷ்வில் ‘தட்ல் பி த டே’, உடனே குளோவிஸ் பதிவு. பிறகு ‘நாட் ஃபேட் அவே’, ‘எவ்ரிடே’, ‘பெகி சூ’. கடைசியாக ‘மேபி பேபி’. குளோவிஸ் கூடத்தின் ஒலியைக் காது பழகியிருக்கும், மன்றத்தின் ஒலி வேறு என்பது ஹெட்போனில் கேட்டாலே தெரியும்.