அப்பாவின் வைண்டிங் நோட்டு: இந்தக் கணக்கெல்லாம் யாருக்காவது புரிகிறதா?

உடுமலைப் பொண்ணு:

வணக்கம். அப்பா போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் உடுமலைப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டியவர், வீட்டு முன்னாலேயே தகரக் கொட்டகை, காலையில் நாங்கள் எழுந்திருக்கும்போதே வார்னிஷ் வாசம் வந்துவிடும். திதிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன், அரைப் பக்கம்கூட ஓடவில்லை. மனுஷன் பேசினால்தானே எழுத! சித்தப்பா "உடுமலையின் ஜி.டி. நாயுடு" என்று தலைப்புப் போடச் சொல்கிறார், எனக்கு அது ஒட்டவில்லை.

கொட்டகையில் 11 நோட்டு கிடைத்தது. டைரியாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தால் முழுக்க எண்கள். மேலே ஊர்ப் பெயர், கீழே இந்த மாதிரி: "5 ஹெச்பி, 36 ஸ்லாட், 8-10-12, 21 கேஜ், 42, 2.900. ப.கா. 2.600". சிலதில் ஓரமாக "ரெ.பே." என்று இருக்கிறது, சிலதில் சிவப்பு மையில் வட்டம். தொழில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

காயில்கட்டி:

அக்கா, முதலில் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

ஸ்லாட் என்பது காயில் உட்காரும் பள்ளம். 36 ஸ்லாட், 8-10-12 என்றால் நாலு போல் (காந்த முனை) மோட்டார், நிமிஷத்துக்கு 1440 சுற்று பக்கம் ஓடும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று காயில் உட்காரும், உள்ளே இருப்பதன் அகலம் எட்டு ஸ்லாட், அதற்கு வெளியே பத்து, அப்புறம் பன்னிரண்டு. 21 கேஜ் என்பது கம்பியின் கனம், ஏறக்குறைய 0.81 மில்லிமீட்டர், கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலியும். 42 என்பது ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்பது. 2.900 புதுக் கம்பியின் எடை, கிலோவில், ப.கா. பழைய காப்பர், அதாவது உரித்து எடுத்தது. பழைய காப்பர் எடையை ஒழுங்காக எழுதி வைக்கிற ஆள் என்றாலே எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும், அதுவும் காசுதானே, எழுதாமல் மறைப்பது சுலபம்.

கருகி வந்த மோட்டாரைப் பிரிக்கும்போது பழைய காயிலை வெட்டி ஒவ்வொரு சுற்றாக எண்ணித்தான் இந்தக் கணக்கை எடுப்போம். சுற்று குறைந்தால் ஆம்ப்ஸ் அதிகம் இழுத்துச் சூடாகும், கூடிப்போனால் தண்ணீர் தூக்க பலம் இருக்காது. ஏற்கனவே யாரோ தப்பாகக் கட்டிய மோட்டார் வந்தால் எண்ணியும் பிரயோஜனம் இல்லை, அப்போது இந்த நோட்டுதான் கை கொடுக்கும். சிவப்பு வட்டம் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

வாய்க்கால்மேடு:

நான் வைண்டர் இல்லை, மோட்டாரைக் கருக்கிய விவசாயி, அதனால் "ரெ.பே." எனக்குத் தெரியும்! ரெண்டு பேஸ். அப்போதெல்லாம் மூணு பேஸ் கரண்ட் சில மணி நேரம்தான் வரும், மற்ற நேரம் ரெண்டு பேஸ்தான், அதில் கண்டன்சர் (இல்லாத மூணாவது பேஸுக்கு ஈடு கொடுக்கிற டப்பா) போட்டு மூணு பேஸ் மோட்டாரை ஓட்டுவோம். ராத்திரியெல்லாம் பயிர் வாடுகிறதே என்று நாங்கள் பார்ப்போம், உள்ளே காயில் சூடாவது கண்ணுக்கா தெரிகிறது? ஒரு நாள் புகை வரும். தூக்கிக்கொண்டு உங்கள் அப்பா மாதிரி ஒருவரிடம் ஓடுவோம், "சும்மா ஓடிட்டிருந்துச்சுங்க, திடீர்னு நின்னுபோச்சு" என்று சத்தியம் பண்ணுவோம். அவர்களுக்குப் பிரித்ததுமே தெரிந்துவிடும். வராத பேஸுக்குத் தகுந்த மாதிரி சில காயில் மட்டும் கரியாகி, சிலது புதுசு போல இருக்கும். எங்கள் ஊர்க்காரர் வாயைத் திறக்காமல் என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

வட்டம் என்பது காசு வாங்காமல் திரும்பக் கட்டிக் கொடுத்ததாக இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பீளமேடு:

சித்தப்பா சொன்ன தலைப்பு வேண்டாம் அக்கா. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் ஆரம்பித்தவர். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் மின்மோட்டார் செய்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யார் செத்தாலும் போஸ்டரில் அவர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அந்த மோட்டார்கள் கிராமம் கிராமமாகப் போய்க் கருகியபோது உட்கார்ந்து கட்டியது உங்கள் அப்பா போன்றவர்கள்தான், அது தனிக் கைத்தொழில். நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள்.

உடுமலைப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. வட்டம் பற்றி வாய்க்கால்மேடு அண்ணா சொன்னது சரிதான், அம்மாவும் அதையே சொன்னார்கள், காசு வாங்காத வேலை.

அப்புறம் ஒன்று. ஒரே மோட்டாருக்கு ஏழு வட்டம் இருப்பதைப் பார்த்தேன், ஏழிலும் "ரெ.பே.", மேலே சோமவாரப்பட்டி. அது அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊர். தாத்தா இருந்தவரை எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் "மாப்பிள்ளை கட்டுற காயில் மட்டும் நம்ம கிணத்துல நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரிப்பார். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். தாத்தா ராத்திரியில் கண்டன்சர் போட்டு ஓட்டியது அம்மாவுக்கே இப்போதுதான் தெரியும். நோட்டைப் பார்த்ததும் முதலில் சிரித்தார்கள், அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

11 நோட்டிலும் வாக்கியம் என்று இருப்பது ஒன்றுதான், ஏழாவது வட்டத்துக்குப் பக்கத்தில். "கண்டன்சரைக் கழட்டி எடுத்து வந்தாச்சு." அதற்குப் பிறகு சோமவாரப்பட்டி மோட்டார் நோட்டில் வரவே இல்லை.

அந்தப் பக்கத்தைத்தான் போடப் போகிறேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.