ஏப்ரல் கடைசியில் கத்தரி, மிளகாய், பாவல்: எப்ப வெளியே வைக்கலாம்?

கிணற்றடி (ஸ்காபரோ, கனடா):

வணக்கம். கொல்லைப்புறத்தில் 4க்கு 8 அடி அளவில் உயர்த்திக் கட்டிய பாத்தி இரண்டு, மிச்சம் களிமண் தறை. பேஸ்மென்ற்றில் எல்இடி விளக்குக்குக் கீழே தக்காளி, பச்சைமிளகாய், கத்தரி நாற்று நிற்குது. இந்தக் கிழமை பகலில் 19 பாகை வரும் என்கிறார்கள், ஞாயிறு இரவு 1 பாகை. இந்த ஏற்ற இறக்கத்தை நம்பி எதை வெளியே கொண்டுபோவது?

நாலு விசயம் தெரிய வேணும்.
1. தக்காளியை இப்பவே தறையில் நடலாமா?
2. தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம். பசளை காணாதா?
3. பாவல் (பாகல்) விதை ஊன்றி இரண்டு கிழமைக்கு மேல், ஒன்றும் முளைக்கவில்லை. விதை பழசா?
4. விக்ரோறியா தின நீள்வார இறுதிக்குப் பிறகு நட்டால் பயமில்லை என்கிறார்கள். அந்தக் கணக்கு சரியா?

செம்பாட்டுமண்:

முதலாவதுக்கும் நாலாவதுக்கும் சேர்த்துச் சொல்லுறன்.

19 பாகை என்பது பகல் காற்று. நடுவதற்கு அந்த எண் உதவாது. பார்க்க வேண்டியது இரண்டு: காலை மண்ணின் வெப்பம், இரவின் ஆகக் குறைந்த வெப்பம். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் டிஜிற்றல் வெப்பமானி போதும். விதைக்கு 5 செ.மீ., நாற்றுக்கு 10 செ.மீ. ஆழத்தில், காலை 8 மணியளவில் குத்திப் பாருங்கோ. பின்னேரம் பார்த்தால் வெயில் பட்ட மேல்மண் உங்களை ஏமாற்றும். தொடர்ந்து நாலைந்து காலை அந்த எண் நின்றால்தான் கணக்கு.

5 பாகையில் பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி, லெற்றூஸ் போடலாம். 8, 10 ஆனால் கரட், பீற்றூட், கொத்தமல்லி, வெந்தயம், உருளைக்கிழங்கு. 16 வந்தால் தக்காளி நாற்றும் போஞ்சி (பீன்ஸ்) விதையும். மிளகாய், கத்தரி, பயிற்றை, வெண்டி, முளைக்கீரை எல்லாத்துக்கும் 18 முதல் 20. பாவலும் புடோலும் 20க்கு மேல். இரவைப் பொறுத்தவரை தக்காளிக்கு 10க்குக் கீழே போகக்கூடாது, மிளகாய் கத்தரிக்கு 13, பாவலுக்கு 15.

உறைபனி இல்லாவிட்டால் செடி சாகாதே என்று கேட்பீர்கள். சாகாது, ஆனால் முடங்கும். 10 பாகைக்குக் கீழே மிளகாய் வேர் தண்ணியையும் சத்தையும் சரியாக இழுக்காது. இலை சுருங்கி, மஞ்சளாகி, அப்படியே நிற்கும். மே முதல் கிழமை நட்ட மிளகாயையும் யூன் முதல் கிழமை நட்டதையும் யூலையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிந்தி நட்டதுதான் பெரும்பாலும் செழிப்பாக நிற்கும். கத்தரிக்கும் அதே யூன் முதல் கிழமைதான்.

விக்ரோறியா தினம் மே 25க்கு முந்தைய திங்கள். அதனால் வருசத்துக்கு வருசம் 18க்கும் 24க்கும் இடையில் நகரும். உறைபனிக்கு அது ஓரளவு நல்ல கணக்கு, மண் சூட்டுக்கு அல்ல. ஒன்ராறியோ ஏரிக்கரையோரத்தில் கடைசி உறைபனி முன்னுக்கே முடிந்துவிடும். ஏரியை விட்டு வடக்கே தள்ளியிருக்கிற மார்க்கம், ஸ்டூவில் பக்கம் பிந்தும். 2020 மே இரண்டாம் கிழமை தெற்கு ஒன்ராறியோவில் பனி தூவினது, அதே மாதக் கடைசியில் 30 பாகையைத் தாண்டினது. இந்த ஊரின் வசந்தம் அப்படித்தான்.

இப்போதைக்குப் பாத்தியைச் சும்மா விடாதையுங்கோ. ஒரு பாத்தி முழுக்கக் குளிர் விரும்பும் பயிர் போடலாம். பட்டாணி 2.5 செ.மீ. ஆழம், 5 செ.மீ. இடைவெளி. முள்ளங்கி 1 செ.மீ. ஆழம், 25–30 நாளில் பிடுங்கலாம். கொத்தமல்லிக்கு இதுதான் பருவம், யூன் வெக்கை வந்தால் பூத்துவிடும். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கோ. வெந்தயக்கீரை லேசான உறைபனியைத் தாங்கும். இவை எல்லாம் கழியும் நேரம் அந்த இடம் கத்தரிக்குத் தயார்.

கோவா (முட்டைக்கோஸ்), நோக்கோல் நாற்று வாங்கினால் சின்னதாகப் பார்த்து வாங்குங்கோ. தண்டு பென்சில் தடிப்புக்கு மேல் போன நாற்று ஒரு கிழமைக்கு மேல் 10 பாகைக்குக் கீழே நின்றால், குளிர்காலம் கடந்துவிட்டது என்று நினைத்துப் பூக்கத் தொடங்கிவிடும். கடையில் கொழுத்து நிற்கிற நாற்று இந்த விசயத்தில் மோசமான நாற்று.

களிமண் தறையை இப்ப கொத்த வேண்டாம். ஒரு பிடி எடுத்து உருட்டி, பெருவிரலால் தட்டுங்கோ. உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால் இன்னும் ஈரம். அப்ப கொத்தினால் காய்ந்து செங்கல் கட்டி போல இறுகி, அந்த வருசம் முழுக்க வேர் இறங்காது.

மொட்டைமாடி (பிராம்ப்டன்):

ஊதா இலை பற்றி. அது பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவின் நிறம். ஆனால் மண்ணில் சத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. வேர் குளிர்ந்திருந்தால் இருக்கிற பாஸ்பரஸையும் எடுக்க முடியாது. தட்டு பேஸ்மென்ட் சிமெண்ட் தரையில் இருக்கிறதா? அறை 19 டிகிரி காட்டினாலும் தரை அதைவிட நல்ல குளிர்ச்சியாக இருக்கும். தட்டுக்கு அடியில் ஒரு இன்ச் தெர்மாகோல் பலகை வையுங்கள், அல்லது மேசை மேல் ஏற்றுங்கள். குழாயில் வரும் ஐஸ் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் அறை வெப்பத்துக்கு வந்தபின் ஊற்றுங்கள். புதிதாக வரும் இலை பச்சையாக வந்தால் பிரச்சினை தீர்ந்தது. பழைய இலையின் ஊதா மெதுவாகத்தான் மாறும், சிலது மாறாது. இதற்காக உரத்தை அள்ளிப் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும், அவ்வளவுதான் மிச்சம்.

பாகல் விதை பழையது என்று தூக்கிப் போட வேண்டாம், பெரும்பாலும் சூடு போதாததுதான் காரணம். 20 டிகிரி மண்ணில் அது முளைக்கத் தாமதித்து, ஈரத்தில் கிடந்து அழுகிவிடலாம். புதிதாக எடுத்து இப்படிச் செய்யுங்கள்: விதையின் ஓரத்தை நகவெட்டியால் லேசாக உடையுங்கள், உள்ளே பருப்பில் படக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் 12 மணி நேரம் ஊறட்டும். ஈரமான பேப்பர் டவலில் சுற்றி (பிழிந்தால் சொட்டக்கூடாது) ஜிப் பையில் போட்டு, 28–30 டிகிரி இருக்கும் இடத்தில் வையுங்கள். ஹீட் மேட் இருந்தால் நல்லது, ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத மேட் என்றால் இடையில் ஒரு துணி மடித்துப் போட்டு வெப்பத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வேர் எட்டிப் பார்க்கும். வேர் 1 செ.மீ. வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனி 10 செ.மீ. தொட்டியில், வேர் கீழ்நோக்கி, 2 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். கொடிவகைக்கு வேரைக் கலைப்பது பிடிக்காது, அதனால் பொதுத் தட்டில் முளைக்கவைத்துப் பிரிக்கும் வேலை வேண்டாம். ஜூன் முதல் வாரம் நட வேண்டிய செடிக்கு ஏப்ரல் கடைசிதான் சரியான நேரம். நீங்கள் ஒன்றும் தாமதமாகவில்லை.

நாற்று நெட்டையாக ஓடுகிறதா என்று சொல்லவில்லை. ஓடினால் விளக்கை 8–10 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள், டைமர் போட்டு 16 மணி நேரம். இரவில் 16–18 டிகிரிக்கு இறங்கினால் தண்டு குட்டையாக, தடிமனாக வரும். அதிக சூடும் குறைந்த வெளிச்சமும் சேர்ந்தால்தான் நூல் போல வளரும். தக்காளியை மட்டும் அடுத்த தொட்டிக்கு மாற்றும்போது முதல் இலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டில் வேர் விடும். மிளகாய், கத்தரியை இருந்த ஆழத்திலேயே வையுங்கள்.

தண்டு மண்மட்டத்தில் இற்று நாற்று சாய்ந்தால் அது பூஞ்சை. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பட்டைத் தூள் தூவினால் எழுந்து நிற்கும் என்பதெல்லாம் ஆசைதான். மற்றதைக் காக்கலாம்: தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து 20 நிமிடம் உறிஞ்ச விட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், சின்ன விசிறி ஒன்றை இலை லேசாக ஆடும் அளவுக்கு ஓட விடுங்கள், தோட்டத்து மண்ணை நாற்றுத் தட்டில் கலக்காதீர்கள்.

கிணற்றடி:

நன்றி. தட்டு சிமெண்ட் தரையில்தான் இருக்கு, இண்டைக்கே ஏற்றிவிடுறன். 19 பாகை வருகிற நாளில் நாற்றுகளை வெளியே வைத்துப் பழக்கலாமா? பிறகு, உறைபனி வருகிற இரவில் பொலித்தீன் போட்டு மூடினால் காணுமா?

வேலிக்கதியால்:

பழக்கலாம், ஆனால் பேஸ்மென்ற் விளக்கில் வளர்ந்த இலைக்கு வெயிலும் தெரியாது, காற்றும் தெரியாது. முதல் நாளே நேர் வெயிலில் வைத்தால் இலை காகிதம் போல வெளுத்துவிடும். காற்று 12 பாகைக்கு மேல் இருக்கும் நாளில் சுவர் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு, பிறகு காலை வெயில் ஒரு மணித்தியாலம் என்று கூட்டிக்கொண்டு போங்கோ. 7 முதல் 10 நாள் எடுக்கும். இடையில் குளிர் வந்து இரண்டு நாள் உள்ளே இருந்தால் பரவாயில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம். காற்று பலமான நாளில் வெளியே வேண்டாம். வெயிலை விடக் காற்றுத்தான் சின்னச் சாடியை வேகமாகக் காய வைக்கும்.

மூடுவது பற்றி. முன்னறிவிப்பில் 1 என்று இல்லை, 3 பாகை என்று இருந்தாலே மூடுங்கோ. வானிலை நிலையத்தில் அளப்பது நிலத்தில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்துக் காற்று. முகில் இல்லாத, காற்று இல்லாத இரவில் நிலமட்டம் அதை விட 2, 3 பாகை குறைவாக இருக்கும். முகில் மூடிய, காற்றடிக்கிற 2 பாகை இரவை விட, நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற 3 பாகை இரவுதான் ஆபத்து.

பொலித்தீன் இலையில் தொட்டால் தொட்ட இடம் கருகும். அது மண்ணின் சூட்டையும் நன்றாகப் பிடித்து வைக்காது. வெள்ளைத் துணி போன்ற பயிர்மூடி விற்கிறார்கள், அதை வாங்குங்கோ. சதுர மீற்றருக்கு 17–20 கிராம் உள்ள மெல்லியது ஏறக்குறைய 1–2 பாகை காக்கும், பகலிலும் விடலாம். 40–50 கிராம் தடிப்பு 3–4 பாகை காக்கும், ஆனால் வெளிச்சத்தை நிறைய மறைக்கும். காலையில் எடுக்க வேணும். கைக்கு எதுவும் இல்லாவிட்டால் பழைய கட்டில் விரிப்பு, நனையாமல்.

உங்கடை பாத்திக்குக் கணக்கு இது: அரை அங்குல பிவிசி குழாயை 7 அடியாக வெட்டி நாலு துண்டு. இரண்டு பக்கமும் 18 அங்குல இரும்புக் கம்பியை அரைவாசிக்கு மேல் மண்ணில் அடித்து, குழாயின் இரு முனையையும் கம்பியில் செருகினால் நடுவில் இரண்டரை அடி உயரத்துக்குக் கூடாரம் வரும். துணி 10 அடி அகலம், 14 அடி நீளம். ஓரம் முழுக்க நிலத்தில் படிந்து, கல் அல்லது பலகை வைத்து அமர்த்தியிருக்க வேணும். செடியைச் சுற்றிப் பொட்டலம் கட்டுவது போலத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் பிரயோசனமில்லை. காப்பாற்றுவது மண்ணில் இருந்து வருகிற சூடு, துணி அதை அடைக்க மட்டும்தான்.

அதனால் பின்னேரம் 3 மணிக்கு முன் மண்ணுக்குத் தண்ணி விடுங்கோ. ஈரமண் காய்ந்த மண்ணை விடக் கூடச் சூட்டைச் சேர்த்து வைக்கும். இலையில் ஊற்றாதையுங்கோ. சூரியன் படுவதற்கு முன்னமே மூட வேணும். இரவு 10 மணிக்கு ஞாபகம் வந்து மூடினால் சூடு எப்பவோ போய்விட்டது. தனிச் செடிக்கு 4 லீற்றர் பிளாஸ்ரிக் கலனின் அடியை வெட்டிக் கவிழ்க்கலாம், மூடியைக் கழற்றி விட வேணும். (ஒன்ராறியோவில் பால் பெரும்பாலும் பையில் வருவதால் இந்தக் கலனுக்குக் கூடத் தேடித் திரிய வேண்டியிருக்கு.) காலையில் வெயில் ஏறினதும் அதை எடுங்கோ, 15 பாகை நாளிலேயே உள்ளே அவிந்துவிடும்.

கொச்சிக்காய்:

மேலே சொன்னதில் பெரும்பாலும் சரி. கத்தரியை யூன் முதல் கிழமை வரை வைத்திருப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. செப்ரெம்பர் நடுவில் இரவு குளிர்ந்தால் கத்தரி பிஞ்சு பிடிப்பது நின்றுவிடும். அதனால் முன்னாலே இரண்டு கிழமை எடுக்க வழி பார்க்க வேணும்.

வழி: இப்பவே அந்த இரண்டாவது பாத்தியைச் சமன்செய்து, ஒருக்கால் நனைத்து, கறுப்புப் பிளாஸ்ரிக் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல இழுத்து விரித்து, ஓரத்தைப் புதையுங்கோ. இடைவெளி இருந்தால் தாள்தான் சூடாகும், மண் சூடாகாது. மூன்று கிழமையில் மண் பக்கத்துத் தறையை விட 2, 3 பாகை கூடியிருக்கும். மே 20 அளவில் 18 காட்டினால் 45–60 செ.மீ.க்கு ஒன்றாகச் சிலுவை போல வெட்டி நடுங்கோ, மேலே மெல்லிய பயிர்மூடி. யூனில் கத்தரி இலையில் ஊசித்துளை போடும் கறுத்தத் தத்துவண்டையும் அந்த மூடி தடுக்கும். பூக்கத் தொடங்கினால் எடுத்துவிடுங்கோ, தேனீயும் காற்றும் பூவை ஆட்ட வேணும். வைக்கோல் மூடாக்கு இப்ப வேண்டாம், அது குளிரை உள்ளே வைத்திருக்கும். யூன் கடைசிக்குப் பிறகு போடுங்கோ.

மிளகாயை 19 லீற்றர் வாளியில் வைக்கலாம். கறுப்பு வாளி சீக்கிரம் சூடாகும், குளிர் இரவில் கராஜுக்குள் தூக்கலாம். அடியில் 1 செ.மீ. துளை ஆறு போடுங்கோ.

செம்பாட்டுமண்:

அப்படித் தாள் போட்டு, மூடியும் போடுவதென்றால் நானும் மே 20க்குச் சம்மதம். தாள் இல்லாத தறைக்குத்தான் யூன் சொன்னன்.

போஞ்சி பற்றி ஒன்று விட்டுப்போச்சு. மண் 16 வருமுன் போட்டால், விதை முதன்முதல் தண்ணி உறிஞ்சும்போது குளிர் பட்டு உள்ளே சேதப்படலாம். அப்படிச் சேதப்பட்டால் பிறகு வெயில் வந்தாலும் சரியாக முளைக்காது. அதனால் ஊன்ற நினைக்கிற நாளுக்கு அடுத்த நாள் குளிர் மழை என்றால் இரண்டு நாள் பொறுங்கோ. குளிர்ந்த ஈரமண்ணில் விதை ஈயின் புழுவும் விதையைக் குடைந்துவிடும், மக்காத எரு போட்ட இடத்தில் இன்னும் மோசம். மாட்டெரு போடுவதென்றால் நன்றாக மக்கினது, பாத்திக்கு 2–3 செ.மீ. தடிப்பு.

தக்காளியில் முதல் கொத்துக் காய் கோணலாக, அடியில் தழும்போடு வந்தால் மருந்து தேட வேண்டாம். பூ உருவாகும் நேரம் இரவு 13 பாகைக்குக் கீழே போனதால் வருவது, அடுத்த கொத்து சரியாக வரும்.