பெருக்கினால் கடைசி ஆறு இலக்கமும் பூஜ்யமாக வருகிறது, ஏன்?

வில்லிவாக்கம் அம்மா: வணக்கம். பொண்ணு எட்டாவது படிக்கிறாள். டிசம்பர் 22 கணித தினத்துக்குச் சார்ட். 2^67 − 1 என்ற எண்ணை எடுத்திருக்கிறாள். 1644-இல் மெர்சென் அதைப் பகா எண் என்று பட்டியல் போட்டாராம். 1903-இல் கோல் என்பவர் 193707721 × 761838257287 என்று உடைத்துக் காட்டிவிட்டாராம். சரிபார்க்கலாமே என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் பெருக்கினேன். 147573952589676000000 என்று வருகிறது. ஒன்று 1-இல் முடிகிறது, இன்னொன்று 7-இல். பூஜ்யம் எங்கிருந்து வந்தது? காலையில் ஏழே காலுக்கு வேன்.

பெரம்பூர்க்காரன்: செல் அகலம் பத்தலை. இழுத்துவிட்டு, ஃபார்மேட்டை நம்பர்னு மாத்துங்க.

வில்லிவாக்கம் அம்மா: மாத்தின பிறகுதான் சார் இந்தப் பூஜ்யமே தெரிஞ்சுது. 2^67-க்கும் அதில் ஒன்று கழித்ததுக்கும் ஒரே விடை வேற காட்டுது.

அடையாறு ஆலமரம்: அக்கா, காரணியிலும் தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை. ஷீட் 15 இலக்கம்தான் காட்டும். மிச்ச இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிடும். இந்த எண்ணுக்கு 21 இலக்கம். உள்ளேயும் 53 பிட் (0, 1 மட்டும் உள்ள இரும இலக்கம்) துல்லியம்தான். 2^67-க்குக் கொஞ்சம் கீழே அதுக்குத் தெரிந்த எண்களே 16384 இடைவெளி விட்டுத்தான் இருக்கும். ஒன்று கழித்தால் அதுக்கு உறைக்காது.

பைத்தான் என்ற கணினி மொழியில் பெருக்கினால் முழுசா வந்துடும். ஆனா பேப்பரே போதும். மும்மூன்று இலக்கமாப் பிரிங்க: 193|707|721, 761|838|257|287. முதலில் 721×287 = 206927. 927-ஐ எழுதி 206-ஐ மேலே கொண்டுபோங்க. அடுத்து 707×287 + 721×257 + 206 = 388412. 412 எழுதி, மீதி 388. இப்படியே குறுக்குப் பெருக்கல். அந்த ஆறு பூஜ்யம் இருந்த இடத்தில் 412927 வந்தாச்சு, பாருங்க.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்: நல்ல வழி. சார்ட்டில் இதையும் சேர்க்கச் சொல்லும்மா: இது பகா எண் இல்லை என்று 1876-லேயே லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் நிரூபித்துவிட்டார், ஒரு காரணிகூடக் கண்டுபிடிக்காமல்! எனக்குக் கோலைவிட அதுதான் ஆச்சரியம். இன்னொன்று, இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியிலும் ஒன்றைக் கழித்தால் 134-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 193707720 = 134 × 1445580. கோலுக்குத் தேட வேண்டிய இடம் அப்படித்தான் சுருங்கியது.

வில்லிவாக்கம் அம்மா: ரொம்ப நன்றி. மூணாவது படியில் 388-ஐச் சேர்க்க மறந்து 288 என்று எழுதிட்டேன். "676 வரணும்மா"ன்னு அவளே பிடிச்சுட்டா. 147573952589676412927, முழுசா வந்துடுச்சு. வாத்தியார் சொன்ன லூக்காவுக்குச் சார்ட்டில் இடமில்லை, பின்பக்கம் எழுதிட்டிருக்கா.