ஜிஎல்எஸ் 400டி, ஜிஎல்எஸ் 450: ஊருக்குள்ளும் ஹைவேயிலும் உண்மையான மைலேஜ் எவ்வளவு?

ஓஎம்ஆர்_7சீட்டர்:
வணக்கம். 2021 முதல் 2023 வரையிலான மெர்சிடீஸ் ஜிஎல்எஸ் (ஏழு சீட் எஸ்யூவி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கப் பார்க்கிறேன். டீசல் 400டியா, பெட்ரோல் 450-ஆ என்பதில்தான் குழப்பம். மாதம் சுமார் 1,800 கி.மீ. ஓட்டம். அதில் 800 சோழிங்கநல்லூர்–கிண்டி பீக் அவர் டிராஃபிக், மீதி 1,000 சென்னை–கோவை போய்வர. டீசலுக்கு லிட்டருக்கு 13 கி.மீ. வரும் என்கிறார் ஒருவர், அதே வண்டி 7-ஐத் தாண்டாது என்கிறார் இன்னொருவர். விற்பவர், டிஸ்ப்ளேயில் 11.8 காட்டும் படம் ஒன்று அனுப்பியிருக்கிறார். எதை நம்பிக் கணக்குப் போடுவது?

இன்லைன்_சிக்ஸ்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான் சார், ஓடிய வேகம்தான் வேறு. இந்த எடையில் சராசரி வேகத்தைச் சொல்லாமல் மைலேஜை மட்டும் சொன்னால் அந்த எண்ணால் பயனில்லை. 400டிக்குத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: சராசரி 15 கி.மீ. வேகத்தில் நகரும் டிராஃபிக்கில் 6.5 முதல் 7.5, காலியான ஊர்ச்சாலையில் 9 வரை, ஹைவேயில் 90–100-ல் நிதானமாகப் போனால் 12 முதல் 14, அதே சாலையில் 120-ல் போனால் 10.5 முதல் 11.5. பெட்ரோல் 450 டிராஃபிக்கில் 5-ஐ ஒட்டி, ஹைவேயில் 9-ஐ ஒட்டி நிற்கும்.

விற்பவரிடம் அந்தப் படத்தை மறுபடி கேளுங்கள். டிரிப் பக்கத்தில் ‘ரீசெட்டிலிருந்து’ என்ற பகுதியில் தூரம், நேரம், சராசரி வேகம், மைலேஜ் நான்கும் சேர்ந்து வரும். நான்கும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சராசரி வேகம் 60-க்கு மேல் இருந்தால் அந்த 11.8 ஹைவே எண். உங்கள் 800 கிலோமீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பட்ஜெட் போடும்போது 7-ஐயும் 12.5-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். லிட்டரைத்தான் கூட்ட வேண்டும். 800 ÷ 7 = 114 லிட்டர், 1,000 ÷ 12.5 = 80 லிட்டர், ஆக 194 லிட்டர். 1,800 ÷ 194 என்றால் 9.3 வருகிறது. பெட்ரோலுக்கு 160 + 111 = 271 லிட்டர், அதாவது 6.6. டீசல் 92.50, பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 17,900-க்கும் 27,400-க்கும் உள்ள வித்தியாசம்.

கொங்கு_டார்க்:
மேலே உள்ள எண்களோடு ஒத்துப்போகிறேன். ஏன் இவ்வளவு இடைவெளி என்பது தெரிந்தால் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே முடியாது என்பது புரியும்.

ஆட்களோடும் சாமானோடும் இந்த வண்டி 2.7 டன். 50 கி.மீ. வேகத்துக்கு ஏற்றி, சிக்னலில் பிரேக் போட்டு நிறுத்தினால் ஏறக்குறைய 260 கிலோஜூல் சூடாகப் போய்விடும். இன்ஜினில் வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 25 மி.லி. டீசல், நாற்பது சிக்னலுக்கு ஒரு லிட்டர். ஏசி போட்டு வண்டி நின்றபடி இன்ஜின் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டி தனியாகப் போகும். ஊருக்குள் மைலேஜைத் தின்பது இந்த இரண்டும்தான். தூரத்திலேயே சிவப்பைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் முதலாவது குறையும். கியரில் உருளும்போது இன்ஜெக்‌ஷன் முழுதாக நின்றுவிடும். வண்டி நின்றதும் இன்ஜினைத் தானே அணைக்கும் ஈகோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைத்துவைக்காமல் இருந்தால் இரண்டாவதும் ஓரளவு குறையும், ஆனால் நம் வெயிலில் கேபின் சூடேறியதும் ஏசிக்காக இன்ஜின் தானே திரும்ப ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஹைவேயில் கதை வேறு. அங்கே எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. 100-லிருந்து 120-க்குப் போனால் காற்றுத் தடை 44 சதவீதம் கூடும். டயர் உருளும் தடையையும் சேர்த்தால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல். சென்னை–கோவையில் டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இதில் மிச்சமாகும் நேரம் அரை மணி, முக்கால் மணிதான். ரூஃப் பாக்ஸ் மாட்டினால் இன்னும் மோசம், தேவை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

மலைக்கு ஒரு கணக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். அந்த உயரத்துக்கு வண்டியைத் தூக்க மட்டுமே 4 லிட்டர் டீசல். ஏறும்போது 6 காட்டினால் வண்டியில் கோளாறு இல்லை.

டாங்க்_டு_டாங்க்:
அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்ப்ளே மைலேஜ் பெரும்பாலும் 4–8 சதவீதம் தாராளமாகத்தான் காட்டும், அதனால் பங்க் பில்லை வைத்துத்தான் கணக்கு.

ஒரே பங்க், முடிந்தால் அதே நாசில், வண்டி சமதளத்தில். முதல் ஆட்டோ கட்-ஆஃபில் நிறுத்திவிடுங்கள். ரவுண்டாகப் போடுகிறேன் என்று மேலே மேலே ஊற்றுவதுதான் அளவைக் கெடுக்கிறது. நுரை அடங்க எடுக்கும் நேரத்தைப் பொறுத்து ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கூடக் குறைய ஏறும். டாங்க் 90 லிட்டர். 20 லிட்டர் மட்டும் போட்டு அளந்தால் அந்த இரண்டு லிட்டர் 10 சதவீதப் பிழை, 75 லிட்டருக்கு அளந்தால் 3-க்குக் கீழ். அதனால் கால் டாங்க் வரை இறக்கி, மூன்று ஃபில்லையாவது கூட்டி, மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள்.

பங்க் அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அனுமதிக்கப்பட்ட பிழை 25 மி.லி.

முன்பு இருந்தவர் வேறு அளவு டயரோ வீலோ மாட்டியிருந்தால் ஓடோமீட்டரும் மாறும். ஹைவேயில் 50 கி.மீ. தூரத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஓஎம்ஆர்_7சீட்டர்:
மிக்க நன்றி. டீசல் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் டிராஃபிக்கிலேயே ஓடினால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்துக்கொள்ளும் என்கிறார்களே? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பெட்ரோல் என்றால் E20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) எவ்வளவு பாதிக்கும்?

கொங்கு_டார்க்:
E20 முதலில். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். ஆகவே E20-இல் கலப்பில்லாத பெட்ரோலைவிட 6–7 சதவீதம் சக்தி குறைவு. மேலே சொன்ன 5-உம் 9-உம் E20-க்கான எண்கள்தான். அந்த வருட மாடலுக்கு எந்தக் கலப்பு வரை அனுமதி என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

டிபிஎஃப் பயம் உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை, மாதாமாதம் கோவை போகிறது வண்டி. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை சேர்ந்த கரியை எரிக்க ரீஜெனரேஷன் நடக்கும். கூடுதல் டீசல் செலுத்தி எக்ஸாஸ்டை 600 டிகிரி வாக்கில் கொண்டுபோகும். 15–20 நிமிடம் ஆகும். அப்போது ஐடில் ஆர்பிஎம் சற்று ஏறும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, மைலேஜ் சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் வண்டியை அணைத்துவிட்டால் அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து. இப்படியே பாதியில் பாதியில் நின்றால் எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் லெவல் ஏறும். லெவல் மேக்ஸைத் தாண்டியிருந்தால் அந்த வண்டி குட்டைப் பயணமாகவே ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

வாங்கும் முன் ஸென்ட்ரி (மெர்சிடீஸ் சர்வீஸில் வைத்திருக்கும்) ஸ்கேனரில் மூன்று மதிப்பு கேளுங்கள்: டிபிஎஃப்பில் உள்ள கரி அளவு, சாம்பல் அளவு, கடைசி ரீஜெனரேஷனுக்குப் பிறகு ஓடிய தூரம். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. விலை பேசும்போது சாம்பல் எண்தான் முக்கியம். கூலன்ட் சூட்டையும் பாருங்கள். ஹைவேயில் அரை மணி ஓடியும் 75-லேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. இன்ஜின் சூடேறாத நிலையிலேயே ஓடி டீசல் குடிக்கும், ரீஜெனரேஷனும் ஒழுங்காக நடக்காது.

டெஸ்ட் டிரைவ் முடிவில் பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் அளங்கள். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் 40–50 டிகிரி கூட இருந்தால் காலிப்பர் பிடிக்கிறது, அதாவது அந்தப் பக்கம் பிரேக் முழுதாக விடுபடவில்லை.

டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது, எரிபொருள் மூடியின் உட்புற ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். அதில் குறைந்த லோடுக்கும் முழு லோடுக்கும் தனித்தனி எண் உண்டு. கோவைக்கு ஏழு பேரும் சாமானும் ஏறினால் இரண்டாவது எண். சூடான டயரில் 4–5 பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

இன்லைன்_சிக்ஸ்:
ஒன்று விட்டுப்போனது. ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தமாக்கத் தனி டாங்க்கில் ஊற்றும் யூரியாக் கரைசல்) செலவையும் டீசல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், 194 லிட்டர் டீசலுக்கு மாதம் 6 முதல் 10 லிட்டர் வரை போகலாம். சீல் உடைக்காத கேன் மட்டும் வாங்குங்கள். ஊற்றும்போது அந்த டாங்க்கின் வாய்ப்பகுதியில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் வெள்ளை உப்பாகப் படிந்து மூடியைப் பிடித்துக்கொள்ளும்.