புரண்டு படுப்பவளுக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்?

குழு: பவானி வீடு

சனிக்கிழமை

நான் (மாலை 6:40)
மாமா, டிசம்பர் கடைசி வாரத்தில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்குப் போவது உறுதியாகிவிட்டது. சாங்க்ரி கிராமத்தில் தொடங்கி 3,800 மீட்டர் உச்சி வரை ஏற வேண்டும். எனக்கு ஏற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை, இரவைப் பற்றித்தான் கவலை. போன வருடம் நாக் டிப்பா மலையில் வாடகைக்குக் கொடுத்த ஸ்லீப்பிங் பேக்கில் நான் தூங்கவே இல்லை. ஒருக்களித்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, மணிக்கு நான்கு தடவை புரண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பது உங்களுக்கும் தெரியும். நள்ளிரவு தாண்டி விழித்துப் பார்த்தால், நான் கூடாரத்தின் பக்கவாட்டைப் பார்த்துக் கிடக்கிறேன், பையின் தலைமூடி மட்டும் கூரையைப் பார்த்தபடி நிற்கிறது. என் மூச்சுக்காற்றில் நனைந்த துணி வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜிப்பை இழுத்தால் அது உள்துணியைக் கவ்விக்கொள்கிறது. இந்த முறை சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

அம்மா (6:44)
வீட்டிலேயே விடியும்போது போர்வை ஒரு திசையிலும் இவள் ஒரு திசையிலும் கிடப்பாள், அண்ணா. எதை வாங்கினாலும் சரி, குரங்குக் குல்லாயை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

அத்தை (6:51)
இரண்டு சோலாப்பூர் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு போனால் ஆகாதா?

மாமா (7:15)
அந்தப் போர்வைகள் இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல் வரும். அந்த மலைக் குளிருக்கு அவை போதவும் போதாது.

கண்ணு, முதலில் வாடகைப் பையின் மேல் இருக்கும் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வை. மம்மி வடிவப் பை, அதாவது எகிப்திய மம்மி மாதிரி கால் பக்கம் குறுகும் பை, உடம்போடு ஒட்டியிருக்கும்படிதான் தைக்கப்படுகிறது, ஏனென்றால் பைக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குவது உன் உடம்பு. காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் கதகதப்பு வரும். மல்லாந்து படுப்பவருக்கு அது பொருந்திவிடுகிறது. உன்னைப் போன்றவர்கள் முழங்காலை மடக்கியவுடன் அந்த இடத்தில் துணி இறுகி, உள்ளே அடைத்திருக்கும் பஞ்சோ வாத்துத் தூவியோ தட்டையாகிவிடுகிறது. குளிரைத் தடுப்பது பஞ்சு அல்ல, பஞ்சு உப்பி நிற்பதால் அதற்குள் சிக்கியிருக்கும் காற்று. ஆகவே தட்டையான இடத்தில் முழங்கால் சில்லிட்டுப் போகும், நீ விழித்துக்கொள்வாய், மறுபடியும் புரள்வாய். அன்று உன்னை எழுப்பியது பாதி தலைமூடி என்றால் மீதி இதுவாகத்தான் இருக்கும்.

நான் (7:19)
உண்மைதான் மாமா, முழங்கால் இரண்டும் ஐஸாக இருந்தன. அப்படியானால் மிக அகலமான செவ்வகப் பையாக வாங்கிவிடலாமா?

மாமா (7:32)
அவசரப்படாதே. அகலம் அதிகமானால் சூடாக்க வேண்டிய காற்றும் அதிகம். உனக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதைக் காசு செலவழிக்காமல் இன்றிரவே தெரிந்துகொள்ளலாம். வீட்டில் 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் உள்ள ஒற்றைப் போர்வை ஒன்று இருக்கும். அதை நீளவாக்கில் மடித்து, ஓரத்திலும் கால்மாட்டிலும் ஊக்கு குத்தினால் 60 அங்குலச் சுற்றளவுள்ள பை தயார். வழக்கமான மம்மிப் பைகள் தோளருகே 60 முதல் 62 அங்குலம் இருக்கும், அதற்குக் கீழே இன்னும் குறுகும். அதற்குள் புகுந்து தரையில் படு. பாதி இரவு போனதும், பழைய துப்பட்டாவை எட்டு அங்குலப் பட்டையாக மடித்து அந்த ஓரத்தில் இணைத்து, 68 அங்குலமாக்கிப் படுத்துப் பார். காலையில் எங்கே இறுக்கியது, எங்கே தளர்ந்து கிடந்தது என்று எழுது.

அம்மா (7:36)
பன்னிரண்டு ஊக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எண்ணித் திருப்பித் தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 7:05)
மாமா, ஜமுக்காளத்தின் மேல் படுத்துப் பார்த்தேன். 60 அங்குலத்தில் முழங்காலை மடக்கியதும் முதுகுப் பக்கம் போர்வை விண்ணென்று இழுத்துக்கொண்டது, இரண்டாவது புரளலில் இடுப்பருகே ஊக்கு தெறித்துவிட்டது. 68 அங்குலத்தில் முழங்காலுக்கும் முழங்கைக்கும் தாராளமாக இருந்தது, ஆனால் தோளருகே காற்று புகும்படி வாய் பிளந்து நின்றது. எதிர்பாராத ஒன்றும் நடந்தது: இரண்டிலுமே அதிகம் வலித்தது இடுப்பு எலும்புதான்.

மாமா (7:40)
நல்ல சோதனை. மூன்று விஷயங்கள் தெளிவாகிவிட்டன.

உனக்கு எல்லா இடத்திலும் அகலம் தேவையில்லை; முழங்கையிலும் முழங்காலிலும் மட்டும் அகன்று, இடுப்பிலும் கழுத்திலும் குறுகும் வடிவம்தான் வேண்டும். அமெரிக்காவில் நீமோ நிறுவனம் கரண்டி வடிவம் என்று இதைத்தான் செய்கிறது. பிக் ஆக்னஸ் நிறுவனத்தின் சில பைகளில் அடிப்பக்கம் பஞ்சே இருக்காது. அந்த இடத்தில் உறை ஒன்று தைத்திருப்பார்கள், மெத்தையை அதற்குள் செருகிவிட்டால் நீ உள்ளே எத்தனை தடவை புரண்டாலும் பை இடம் மாறாது. உடம்புக்கு அடியில் நசுங்கும் பஞ்சால் பயனில்லை என்பதால் அதை எடுத்துவிடுவதில் நியாயம் இருக்கிறது.

முதுகுப்பக்கம் திறந்த, போர்வை மாதிரியான குவில்ட் என்றும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நெடும்பாதைகளில் மாதக்கணக்கில் நடப்பவர்களிடையே அது பிரபலம். மூணாறு குளிருக்கு நானே அதைத்தான் எடுத்துப் போகிறேன். ஆனால் கேதார்காந்தா வழியில் நீ தங்கப்போகும் ஜூடா கா தாலாப் முகாமில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்கக்கூடும். நீ புரளும் ஒவ்வொரு தடவையும் ஓரம் தூக்கிக் காற்று உள்ளே வரும். உனக்கு இப்போது அது வேண்டாம்.

இடுப்பு வலிக்குப் பையால் மருந்தில்லை, மெத்தைதான் மருந்து. மல்லாந்து படுப்பவரின் எடை முதுகு முழுவதும் பரவும், ஒருக்களிப்பவரின் எடையோ இடுப்பிலும் தோளிலும் குவியும். கூடாரத்தில் விரித்துக் கொடுக்கும் மெல்லிய ஃபோம் பாய் அதற்குப் போதாது. காற்றடைக்கும் மெத்தை, மூன்று அங்குலமாவது தடிமன் உள்ளது, வேண்டும். அதில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு அது. ஃபோம் பாய்க்குச் சுமார் 2 இருக்கும். நீ 4-க்கு மேல் உள்ளதாக வாங்கி, அந்தப் பாயின் மேலேயே விரித்துக்கொள், இரண்டு எண்களும் கூடிவிடும். காற்றைக் கல் மாதிரி அடைக்காதே. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இடுப்பு சற்றே அமிழும் வரை கொஞ்சம் காற்றைத் திறந்து விடு.

அக்கா (8:02)
மாமா, நான் நவம்பரில் ஊருக்கு வருகிறேன். எங்கள் இருவருக்கும் உயரமும் ஒன்று, படுக்கும் விதமும் ஒன்று. இங்கே சியாட்டிலில் நேரில் படுத்துப் பார்த்து வாங்கி வரட்டுமா?

மாமா (8:10)
அதைவிட நல்ல வழி இல்லை. தரையில் விரித்து, ஜிப்பை முழுதாக மூடி, முழங்காலை மடக்கிப் படு. முழங்கால் முட்டும் இடத்தை மாப்பிள்ளை வெளியிலிருந்து கையால் அழுத்திப் பார்க்கட்டும். பஞ்சு மெத்தென்று இருந்தால் சரி, எலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் பை சிறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

அக்கா (காலை 5:10)
கடையில்தான் இருக்கிறேன். கரண்டி வடிவப் பை ஒன்றில் படுத்துப் பார்த்தேன், முழங்காலில் எலும்பு தட்டுப்படவில்லை. பையின் மேல் பெரிதாக 20 டிகிரி என்று எழுதியிருக்கிறது. இங்கே ஃபாரன்ஹீட் கணக்கு என்பதால் அது மைனஸ் 7 செல்சியஸ். எடுத்துவிடட்டுமா?

மாமா (5:24)
உள்ளே தைத்திருக்கும் சிறிய துணிச்சீட்டைப் பார்த்துச் சொல், கண்ணு. ஐஎஸ்ஓ 23537 என்ற அளவுமுறைப்படி சோதித்த பை என்றால் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும்.

அக்கா (5:29)
கம்ஃபர்ட் 30, லிமிட் 20 என்று இருக்கிறது.

மாமா (5:41)
அப்படியானால் வேண்டாம். லிமிட் என்பது ஓர் ஆண் உடம்பைக் குறுக்கிச் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. கம்ஃபர்ட் என்பது ஒரு பெண் இயல்பாகக் கையைக் காலைத் தளர்த்தித் தூங்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல, குளிரில் உயிர் பிழைத்திருப்பதற்கான எண். நம் பெண் கம்ஃபர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். 30 ஃபாரன்ஹீட் என்பது மைனஸ் 1 தான். அதே வடிவத்தில் பெண்களுக்கான பை இருக்கிறதா என்று கேள். அதில் கம்ஃபர்ட் 15 என்று இருந்தால் மைனஸ் 9 வரை தாங்கும். மீதிக்குத் தெர்மல் உடையும் ஜாக்கெட்டும் இருக்கின்றன.

அக்கா (6:03)
கிடைத்துவிட்டது, கம்ஃபர்ட் 15. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இடுப்பில் கொஞ்சம் அகலம், பாதத்தில் கூடுதல் தூவி. ஜிப் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்கிறார்கள்.

நான் (6:06)
நான் பெரும்பாலும் வலப்பக்கம் ஒருக்களிப்பேன். இடப்பக்கமே இருக்கட்டும், இடுப்புக்கு அடியில் ஜிப் உறுத்தாது. வலது கைக்கும் எட்டும். ஆனால் மாமா, இந்தப் பையிலும் தலைமூடி இருக்கிறதே, அது மறுபடியும் என் வாய்க்குத்தானே வரும்?

மாமா (6:20)
தலைமூடியைக் கட்டாமல் கழுத்துக்குப் பின்னால் மடித்துவிடு. கழுத்தைச் சுற்றி இருக்கும் நாடாவை மட்டும் இழுத்துக் கட்டினால் சூடு வெளியே போகாது. தலைக்குத் தனியாகக் குல்லாய் போட்டுக்கொண்டால் நீ எந்தப் பக்கம் புரண்டாலும் அது உன்னோடு புரளும். மூக்கும் வாயும் எப்போதும் பைக்கு வெளியே இருக்க வேண்டும். மூச்சின் ஈரம் பட்டால் தூவி உப்பாது. முழங்காலருகே வெற்றிடம் குளிர்ந்தால் ஜாக்கெட்டைச் சுருட்டி அங்கே திணித்துவிடு.

அம்மா (6:31)
குரங்குக் குல்லாய் என்று நான் முதல் நாளே சொன்னேன்.

மாமா (6:33)
சொன்னாய் அம்மிணி.

அக்கா (6:58)
வாங்கிவிட்டேன். பெட்டியில் சுருக்குப்பை ஒன்றும் பெரிய பருத்திப் பை ஒன்றும் இருக்கின்றன.

மாமா (7:02)
சுருக்குப்பை பயணத்துக்கு மட்டும். வீட்டில் மாதக்கணக்கில் அதில் அமுக்கி வைத்தால் தூவி உப்பும் குணத்தை இழந்துவிடும். பருத்திப் பையில் போட்டு அலமாரியில் தளர்வாக வை. மெத்தையை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நவம்பரில் பை வந்ததும் இரண்டையும் சேர்த்து விரித்து, மொட்டை மாடியில் ஓர் இரவு படுத்துப் பார்.

நான் (7:05)
பவானியில் அதற்குள் படுத்தால் வெந்துவிடுவேன், மாமா. வெறுமனே புரண்டு பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

அம்மா (7:09)
அந்த ஊக்குகள் பத்துதான் திரும்பி வந்தன. மறுபடி யாரும் அதில் படுப்பதற்கு முன்னால் ஜமுக்காளத்தை நன்றாக உதறிப் பார்.