பேஸ் – தமிழில் என்ன சொல்லலாம்? (கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது)

உடற்கல்வி ஆசிரியர், கோவை:
குழுமத்தாருக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான நெடுந்தூர ஓட்டக் கையேடு முடிந்துவிட்டது. ஒரு சொல்லில் நிற்கிறது. 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட 12 நிமிடச் சோதனையில் ஒரு மாணவி 400 மீட்டர் தடத்தை ஆறு முறை சுற்றுகிறாள் என்று வையுங்கள். 2,400 மீட்டர், கிலோமீட்டருக்கு 5 நிமிடம். ஓட்டக்காரர்கள் பேஸ் என்பது இதைத்தான். மறுநாள் இலகு ஓட்டத்தை அவள் கிலோமீட்டருக்கு 6:30-இல், அதாவது 6 நிமிடம் 30 நொடியில், ஓட வேண்டும். இதை 'வேகம்' என்று எழுதினால் தலைகீழாகிவிடுகிறது. எண் ஏற ஏற ஓட்டம் மெதுவாகும். 'கூட்டு' என்று நான் கத்தினால் எதைக் கூட்டுவாள்?

மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்:
வரும் சொல் கூட்டுச்சொல்லாகவும் ஒட்ட வேண்டும், சார். ஜி.பி.எஸ். கடிகாரத்தில் இது இரண்டு இடத்தில் வரும். அந்தந்த நொடிக்கான எண் ஒன்று, சுற்றுச் சராசரி ஒன்று. மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் நொடி எண் தாவிக்கொண்டே இருக்கும். பயிற்சிக்குச் சராசரியைத்தான் நம்பலாம். 'கதி' என்றால் என்ன? கணத்துக்குக் கணக்கதி, சுற்றுக்குச் சராசரிக்கதி. நன்றாக ஒட்டுகிறதே.

அறிவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:
தம்பி, எங்கள் பாடநூலில் கதி என்றால் ஸ்பீட். நீங்கள் திசைவேகம் என்பதை நாங்கள் வேகம் என்கிறோம். முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். இந்தக் கையேடு இங்கே வந்தால் பிள்ளைகள் கதி 6:30 என்பதை எப்படி விளங்கிக்கொள்வார்கள்? கிலோமீட்டரை மணியால் வகுத்ததுதான் அவர்களுக்குக் கதி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி:
கதி வடசொல் என்பதாலும் வேண்டாம். "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்று தொல்காப்பியர் உரியியலில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். 'துனைவு' இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருக்கிறது! அது கடினம் என்றால் 'பரி' இருக்கிறது. பரிதல் என்றால் ஓடுதல். கதழ்பரி என்று சங்கப் பாடல் பேசும். ஓடுவதால்தான் குதிரைக்கே பரி என்று பெயர் வந்தது என்பது என் துணிபு. எனவே 'பரிநேரம்'. ஓட்டமும் நேரமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

இதழ் உதவியாசிரியர், மதுரை:
ஐயா, பரி என்றதும் இந்த ஊரில் எல்லோருக்கும் நரியைப் பரியாக்கிய கதைதான் நினைவுக்கு வரும். துனைவிலும் அதே சிக்கல். விரைவு என்பதுதானே பொருள்? துனைவு மிகுந்தால் எண் குறையும். பழைய சொல்லானாலும் தலைகீழ் தலைகீழ்தான். இசையில் சதுஸ்ர நடை, திஸ்ர நடை என்கிறோமே, அந்த 'நடை' பொருந்துமா?

கோவை:
ஓட்டப் பயிற்சியில் நடை என்றால் பிள்ளைகள் நடந்தே விடுவார்கள். நடுநடுவே நடக்கும் பயிற்சியும் கையேட்டில் உண்டு. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். தனியாக 30 நிமிடம் முழு முயற்சியில் ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரி இதயத்துடிப்பை எடுக்கும் சோதனை இருக்கிறதல்லவா? அதில் வரும் திரெஷோல்டுக்கு, அதாவது நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய கடும் முயற்சியின் எல்லைக்கு, 'வரம்பு' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

யாழ்ப்பாணம்:
நாங்கள் நுழைவாய் என்போம்.

திருச்சி:
இயற்பியல் பாடநூலில் 'பயன்தொடக்கம்' இருக்கிறது. வரம்பு என்றால் லிமிட். தாண்டக்கூடாதது வரம்பு, இதைப் பயிற்சியில் தாண்டியும் ஓடுவார்கள் அல்லவா? வரப்பிலிருந்து தொடங்கி விரிவாக எழுதுகிறேன்.

மதுரை:
அதைத் தனி இழையில் பேசலாம் ஐயா. இன்று புதன். பேஸுக்கு என் முடிவான பரிந்துரை 'கி.மீ. நேரம்'. கேட்டவுடன் புரியும். "உன் கி.மீ. நேரம் என்ன?" "5:10, சார்." "குறை" என்றால் விரைந்து ஓடு என்று பொருள். மைதானத்தில் கத்தினால் காதில் விழவும் வேண்டுமே.

சிங்கப்பூர்:
ஆதரிக்கிறேன். சுற்றுச் சராசரி கி.மீ. நேரம் என்பது திரையில் கொஞ்சம் நீளம், சமாளிக்கலாம். தடத்தில் ஓடும்போது கடிகாரத்தின் தூரத்தை அப்படியே எடுக்காதீர்கள் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள், சார். வெளியோரத்து எட்டாம் தடத்தில் (லேன்) ஒரு சுற்று ஏறத்தாழ 453 மீட்டர் வரும். ஜி.பி.எஸ். வளைவுகளில் தன் பங்குக்குப் பிசகும். சோதனை நாளில் உள்ளோரத்து முதல் தடத்தில் ஓடவிட்டுச் சுற்றை எண்ணுவதே சரி.

யாழ்ப்பாணம்:
எனக்கும் சம்மதம். கதி எங்களுக்கே இருக்கட்டும்.

திருச்சி:
எனக்குச் சம்மதமில்லை. இது விளக்கம், கலைச்சொல் ஆகாது. நீச்சலில் 100 மீட்டருக்கு எண்ணுகிறார்கள், துடுப்புப் படகில் 500 மீட்டருக்கு. அங்கேயும் கி.மீ. நேரம் என்பீர்களா? அலகை உள்ளே வைத்துத் தைத்த சொல் அடுத்த துறைக்குப் போகாது. பரிநேரம் நீச்சலுக்கு ஆகாது என்பீர்கள், ஒப்புகிறேன். அப்படியானால் 'தொலைநேரம்' என்று பொதுவாக வையுங்கள். ஒரு தொலைவுக்கு ஆகும் நேரம்.

மதுரை:
தொலைநேரம் நல்ல சொல், ஐயா. ஆனால் தொலைபேசி, தொலைக்காட்சிக்குப் பிறகு தொலை என்றால் தூரத்திலிருந்து வருவது என்றே மனம் பழகிவிட்டது.

கோவை:
அனைவருக்கும் நன்றி. கையேட்டில் 'கி.மீ. நேரம்' போகிறது. கலைச்சொல் பட்டியலில் அதன் பக்கத்திலேயே 'தொலைநேரம்' என்றும் போடுகிறேன், ஐயா. திரெஷோல்டு இப்போதைக்கு 'வரம்பு'தான்.

திருச்சி:
பட்டியலில் போட்டால் போதாது. வரம்பு பற்றி இன்றிரவு எழுதுகிறேன்.